கிழக்கே கோட்டை முதல் கிள்ளியாறு வரை

கன்னியாகுமரியையும் சுசீந்திரத்தையும் தரிசித்துவிட்டு, மிச்சமிருக்கும் அரை நாளில் அனந்தபத்மநாபனையும் சேவித்துவிடலாம் என்ற உத்தேசத்தோடு திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழ்நாட்டு யாத்திரிகர்கள், கிழக்கே கோட்டையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே கோபுரத்தை நோக்கி நடந்து, சட்டையைக் கழற்றி வேட்டியைச் சுற்றிக்கொண்டு, மூன்று வாசல்களின் வழியே திருமுகத்தையும் நாபிக் கமலத்தையும் திருவடிகளையும் கண்ணாரக் கண்டு, வெளியே வந்து ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவலை வாங்கிக்கொண்டு, மாலை ரயிலுக்கு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம்மாழ்வார் பாடிய ஸ்தலத்துக்கு வருபவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லைதான். ஆயினும், கோட்டை வாசலில் நின்று கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் அவர்களுடைய முதுகுப்புறத்தில் விரிந்து கிடக்கும் சாலைக் கடைத்தெருவை ஒருமுறை நடந்து கடந்தால், இந்த நகரம் யார் யாரால் உண்டாயிற்று என்ற விவரம் கோவிலில் விளங்குவதைக் காட்டிலும் துலக்கமாக விளங்கும் என்பது என் அபிப்பிராயம். கிழக்கே கோட்டையில் தொடங்கி, ஆரியசாலை வழியாகக் கிள்ளிப்பாலத்தில் சென்று முடியும் அந்தத் தெருவைச் சாவகாசமாக நடப்பவர்கள்கூட அரை மணியில் கடந்துவிடலாம். எனக்கு ஒரு பகல் பொழுது பிடித்தது.

ஆனால் கோவிலைப் பார்க்காமல் கடைத்தெருவைப் பார்ப்பது முறையாகாது. 1686இல் நேர்ந்த பெருந்தீயில் அழிந்துபோன ஆலயத்தைப் புதுக்கியெழுப்பியவர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. அவரே 1750இல் தம் ராஜ்யத்தையெல்லாம் பத்மநாபனின் திருவடியில் ஒப்படைத்து, அன்று முதல் தாமும் தம் வம்சத்தாரும் பத்மநாபதாசர்களாக இருந்து ஆள்வதென்று பிரகடனம் செய்தார். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு அமைத்த மூர்த்தி, ஒரே கல்லாலான மண்டபம், சிற்பங்கள் நிறைந்த பிராகாரம் ஆகிய இவையெல்லாம் பிரசித்தமானவை. 2011இல் நிலவறைகளைத் திறந்த பின்னரோ, வருகிறவர்களில் பாதிப் பேர் பெருமானைவிட அவருடைய பொக்கிஷத்தைப் பற்றியே அதிகமாக விசாரிக்கிறார்கள். என் கண்ணுக்கு விசேஷமாகப் பட்டது கோபுரம். மலையாள நாட்டுக் கோவில்கள் பெரும்பாலும் தாழ்ந்த கூரையும் செம்பு வேய்ந்த விமானமுமாக அடக்கத்தோடு நிற்க, இங்கே மட்டும் பாண்டி நாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல், ஏழு நிலைகளோடு ஏறத்தாழ நூறடி உயரத்துக்கு ஒரு ராஜகோபுரம் எழுந்து நிற்கிறது. உள்ளே பூஜை முறை மலையாளத்துத் தந்திரிகளுடையது. வெளியே முகம் தமிழ்நாட்டினுடையது. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் உற்சவங்களின் பெயர்கள்கூட, பங்குனியென்றும் ஐப்பசியென்றும் நாம் வழங்கும் மாதப் பெயர்களின் மருவுதான். அந்த உற்சவங்களின் முடிவில் சுவாமி சங்குமுகம் கடற்கரைக்கு ஆறாட்டுக்கு எழுந்தருளும்போது, வழியில் குறுக்கிடும் விமான நிலையத்தின் ஓடுதளத்தைச் சில மணி நேரம் மூடி வைத்து ஊர்வலத்துக்கு வழிவிடுகிறார்கள்.

கோவிலைச் சுற்றிய கோட்டைத் தெருக்களில் தமிழ் அந்தணர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. ஓட்டுக் கூரையும் திண்ணையுமாக ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளில் பல இன்று காரைக் கட்டடங்களாகிவிட்டாலும், வாசலில் கோலம் மாறவில்லை, சமையலறையும் மாறவில்லை. இவ்வூர்க் கல்யாணங்களில் ஜாதி பேதமின்றி எல்லாருடைய இலையிலும் இடம்பெற்றுவிட்ட போளியே அதற்குச் சாட்சி. நாம் நெய் தடவித் தின்னும் அதே போளிதான். ஆனால் இவர்கள் அதை இலையில் பரப்பி, அதன் தலையில் சூடான பால்பாயசத்தை ஊற்றி, விரலால் பிசைந்து உண்கிறார்கள். கொச்சிக்காரர்களும் கோழிக்கோட்டுக்காரர்களும் இந்தச் சேர்க்கையைக் கண்டு சிரிப்பதுண்டென்று கேள்வி. ஒருமுறை உண்டு பார்த்துவிட்டுச் சிரிப்பது நியாயம்.

கோவிலுக்கு அருகே சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த குதிரைமாளிகையின் மேல்தளத்து இறவாரத்தைத் தாங்கியபடி 122 மரக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. 1846இல் முப்பத்துமூன்று வயதில் மறைந்துபோன அந்த மன்னர், சம்ஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஹிந்துஸ்தானியிலும் கீர்த்தனங்கள் இயற்றியவர் என்பது சங்கீத ரசிகர்கள் அறிந்ததே. அவருடைய சபையில் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும், மராட்டியப் பாகவதராகிய மேருசாமியும் அருகருகே அமர்ந்திருந்தனர். 1834இல் வடிவேலுவுக்கு மன்னர் தந்தத்தாலான ஒரு பிடிலைப் பரிசளித்தார். அந்த வாத்தியம் மேனாட்டிலிருந்து நம் கச்சேரிக்கு வந்து வேரூன்றிய கதையில், காவிரிக் கரைக்கு உள்ள பங்கு இந்தக் கோட்டைக்கும் உண்டு. மாளிகைக்குப் பக்கத்தில், கோவில் குளத்தை நோக்கியபடி, ஒரு வேடிக்கைக் கடிகாரமும் இருக்கிறது: மணி அடிக்குந்தோறும் தாடிக்காரர் ஒருவர் வாய் திறக்க, இரு பக்கமும் இரண்டு ஆட்டுக் கடாக்கள் ஓடிவந்து அவர் கன்னத்தில் முட்டுகின்றன. மேத்தன் மணி என்று பெயர். குழந்தைகளோடு போகிறவர்கள் மணி நிறைவதற்குக் கொஞ்சம் முன்னதாகப் போய் நிற்கலாம்.

இவ்வளவும் கோட்டைக்குள். யார் எங்கே நிற்கலாம், என்ன உடுத்தலாம், எந்த வாசல் வழியே புகலாம் என்பதெல்லாம் விதித்து வைத்த உலகம் அது. கிழக்கு வாசலைத் தாண்டி வெளியே வந்தால், ஒரு பக்கம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு முன்னால் சிதறு தேங்காய் இடைவிடாமல் உடைந்துகொண்டிருக்கும் ஓசையும், மறுபக்கம் நகரப் பேருந்துகளின் இரைச்சலும் காதை நிறைக்க, எதிரே சாலைக் கடைத்தெரு தொடங்குகிறது.

இதை உண்டாக்கியவர் திவான் ராஜா கேசவதாசர். 1745இல் விளவங்கோட்டைச் சேர்ந்த குன்னத்தூரில், அதாவது இன்றைய தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஓர் எளிய குடும்பத்தில் பிறந்த கேசவ பிள்ளை, இளம் பருவத்தில் போக்கு மூசா மரைக்காயர் என்னும் முஸ்லிம் வணிகரிடம் கணக்கெழுதிக் கொண்டிருந்தார் என்பர். அந்த வணிகரோடு அரண்மனைக்குச் சென்று அங்கே அயர்ந்து உறங்கிவிட்ட அவர் முகத்தில் மகாராஜா விடியற்காலையில் விழித்துவிட்டதாகவும், அபசகுனம் என்று சிறையிலிட்டவர் அன்றே நற்செய்தி ஒன்று வந்து சேரவும் மனம் மாறி அரண்மனை வேலை தந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1789இல் திவான் பதவிக்கு உயர்ந்தவர் மரைக்காயர் கடையில் கற்றதை மறக்கவில்லை என்பது நிச்சயம். வடக்கே ஆலப்புழையைத் துறைமுகமாக்கினார். தெற்கே, 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் இங்கே மாறிய காலத்தில், கோட்டையின் கிழக்கு வாசலிலிருந்து ஆற்றை நோக்கிப் பெருவழி அமைத்து, கிள்ளியாற்றிலும் கரமனையாற்றிலும் பாலம் போட்டு, நாஞ்சில் நாட்டு நெல்லும் பாண்டி நாட்டுச் சரக்கும் வண்டி வண்டியாக வந்து இறங்க வகைசெய்தார். வழி நெடுகக் கடைகள் எழுந்தன. கடைகளைத் தொடர்ந்து தமிழ் வேளாளரும் செட்டிமாரும் நாடார்களும் ராவுத்தர்களும் வந்து குடியேறினர். புதிய மன்னரின் சபையில் சூழ்ச்சி மிகுந்து, பதவியும் சொத்தும் பறிபோய், 1799இல் காவலில் இருந்தபடியே அந்தத் திவான் மாண்டார். நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்றே ஊரார் பேச்சு. அவர் போட்ட தெரு மட்டும் அதற்குப் பின் ஒரு நாளும் ஓயவில்லை.

அன்றைய வண்டிகளின் இடத்தில் இன்று சரக்கு லாரிகள் நிற்கின்றன. வத்தல் மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மிக்கொண்டே நாலடி நடந்தால் கருப்பட்டியின் வாசனை. அதற்கடுத்து வெண்கல உருளிகளும் குத்துவிளக்குகளும் கூரை வரை அடுக்கிய பாத்திரக் கடைகள். அதற்கடுத்து ஏத்தன், செந்துளுவன், மட்டி, ரசகதலி என்று வாழைப்பழத்துக்கு மாத்திரம் ஒரு வரிசை. சபாபதி கோவில் தெரு என்று பெயர்ப்பலகை காட்டும் கிளைச் சந்தில் புகுந்தால், திருநெல்வேலிக்கு வந்துவிட்டோமோ என்ற பிரமை தட்டும். ஓணம் வந்தால் மலையாளிகளின் முற்றத்தில் இடும் அத்தப்பூக்களத்துக்கு வேண்டிய பூக்கள் நாஞ்சில் நாட்டுத் தோவாளையிலிருந்து இங்கே கூடை கூடையாக வந்து குவிகின்றன. மாசி மாதத்து ஆற்றுக்கால் பொங்கல் நெருங்கினால் மண்பானைகள் குவிகின்றன. ஆற்றுக்கால் பகவதியோ, மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் இங்கே தங்கிய கண்ணகியென்றே ஐதிகம். அவளுடைய கதையைத் தோற்றம்பாட்டாகப் பத்து நாள் பாடி, லட்சக்கணக்கான பெண்கள் நகரத்து வீதியெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிறார்கள். சிலப்பதிகாரத்தைப் பாடப்புத்தகத்தில் பூட்டி வைத்துவிட்ட நாம், கண்ணகிக்கு இவர்கள் வைக்கும் உலையைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

பலசரக்குக் கடை ஒன்றில், கல்லாவில் அமர்ந்திருந்த முதியவர் ஒரு வாடிக்கையாளரிடம் மலையாளத்திலும், சுமை தூக்குகிறவரிடம் நாஞ்சில் தமிழிலும், தொலைபேசியில் யாரிடமோ இரண்டும் கலந்த ஒரு பாஷையிலும் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு எது தாய்மொழி?" என்று கேட்டேன். ஏலக்காயை நிறுத்தபடியே, "வீட்டுல தமிழு, கணக்குல மலையாளம். கடனத் திருப்பிக் கேக்கப் போனா ரெண்டும் வேணும் சார்" என்றார்.

அந்தத் தெருவில் சோற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சின்னஞ்சிறு கோழிகளைப் பொரித்துக் கொடுப்பதில் பெயர் பெற்ற, ஊரார் கெத்தேல் கடையென்று வழங்கும் ஒரு சாப்பாட்டுக் கடை அங்கே உண்டு. அதன் ஆதி முதலாளியான கெத்தேல் சாகிபு, உண்டவர்களிடம் காசு கேட்பதில்லை என்றும், கடையில் ஓர் உண்டியலை வைத்துவிட்டு, போடுகிறவர் போடட்டும், போடாதவர் போகட்டும் என்று இருந்துவிட்டார் என்றும் இன்னமும் சொல்கிறார்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து படிக்க வந்து பசித்துக் கிடந்த ஒரு வெள்ளாளப் பையனுக்கு அந்தச் சாகிபு அள்ளி அள்ளிப் பரிமாறிய கதையை ஜெயமோகன் 'சோற்றுக்கணக்கு' என்ற பெயரில் எழுதி, அது அவருடைய 'அறம்' தொகுதியில் இடம்பெற்றபின், தமிழ்நாட்டிலிருந்து கதையைப் படித்துவிட்டுக் கடையைத் தேடி வருகிறவர்களும் உண்டாகிவிட்டார்கள்.

கடைத்தெருவுக்கே தம்மை ஒப்புக்கொடுத்துவிட்ட எழுத்தாளர் வேறொருவர். 1934இல் இந்த நகரத்தில் பிறந்த ஆ. மாதவன், சாலையிலேயே கடை வைத்துக்கொண்டு, கல்லாவிலிருந்தபடி கண்ணில் பட்ட சுமைக்கூலிகளையும் சட்டம்பிகளையும் பிச்சைக்காரர்களையும் விலைமாதரையும் அழகுபடுத்தாமல் அப்படியே கதைகளாக எழுதியவர். 2021இல் மறையும் வரை ஊரை விட்டுப் போகாதவர். நாவல் எழுதிய மற்றொருவர் நீல பத்மநாபன். 1970இல் வெளிவந்த அவருடைய 'பள்ளிகொண்டபுரம்' இந்தக் கோவிலையும் தெருக்களையுமே களமாகக் கொண்டது. அதன் நாயகன் அனந்தன் நாயர் என்னும் மலையாளி என்பதை விசேஷமாகச் சொல்லவேண்டும். தமிழில் எழுதியபோதிலும் அயலாரை எழுதுகிறோம் என்ற கூச்சம் அந்த நாவலில் எங்கும் தலைகாட்டவில்லை. நகுலன் இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் போதித்துக்கொண்டே தமிழில் தமக்கென ஒரு தனி வழி வகுத்தார். இவர்களுக்கெல்லாம் முந்தியவர், மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை. இன்று தமிழ்நாட்டில் அரசு விழா ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891இல் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் முகப்பில் உள்ளது. ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 1897இல் காலமான ஒருவர் திருவிதாங்கூர் மண்ணிலிருந்து பாடியது அது என்பதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

பல ஜாதியும் பல மதமும் பல பாஷையும் கூடி வாழ்ந்த வீதியென்று மெச்சி நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மையாகவே முடியும். மேட்டுக்குடியினர் மட்டும் நடக்கத்தக்க ராஜவீதிகள் இந்த ராஜ்யத்தில் அநேகம் இருந்தன. புலையர் குலத்தில் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டி ஒன்றில் ஏறி, தலைப்பாகையும் மேல்துண்டுமாக அத்தகைய வீதியில் ஓட்டிக்கொண்டு போனதே ஒரு கலகமாயிற்று. அடுத்து அவரும் தோழர்களும் கால்நடையாகச் சந்தைக்குப் புறப்பட்டபோது, இந்தச் சாலையின் தென்தொடர்ச்சியில் உள்ள பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் கைகலப்பு மூண்டது. அந்தச் சாலியரோ, மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து அழைத்து வந்து குடியமர்த்திய நெசவாளர். கசவுக் கரை வேட்டி நெய்து புகழ் பெற்றவர்கள். பிழைக்க வந்தவர்களின் தெருவிலேயே மண்ணின் மக்களுக்கு வழியில்லாமற் போயிற்று. சித்திரைத் திருநாள் மகாராஜா கோவில்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்ட பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12ஆம் தேதி. அய்யன்காளியின் வில்வண்டிக்கும் அதற்கும் நாற்பத்துமூன்று வருஷ இடைவெளி.

நகரத்தின் மதநல்லிணக்கத்துக்கு அடையாளமாக வெளியூராருக்குக் காட்டும் இடம் இதுவன்று, பாளையம். அங்கே ஜும்மாப் பள்ளிவாசலும் கணபதி கோவிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க, வீதிக்கு அப்பால் 1873இல் எழுந்த புனித சூசையப்பர் தேவாலயம் கூர்மாடக் கோபுரத்தோடு எதிர்நோக்கி நிற்கிறது. பழைய படைவீட்டில் இருந்த பல மதத்துச் சிப்பாய்கள் வழிபட்ட இடங்கள் அவை. கண்ணுக்கு நிறைவான காட்சியென்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே அருகருகே நிற்பவை கட்டடங்கள். சாலையில் ஒருவர் சரக்கை ஒருவர் விற்று, ஒருவர் கடனை ஒருவர் சுமந்து, ஒருவர் சோற்றை ஒருவர் உண்டு பழகிய பழக்கம் வேறு. எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சாலையைத் தேர்வேன்.

கிள்ளிப்பாலத்தை நெருங்கும் தறுவாயில், இரைச்சல் சற்றே அடங்கிய வலியசாலையில், இரு மருங்கும் வரிசை வீடுகள் கொண்ட ஓர் அக்ரஹாரமும், காந்தளூர் மகாதேவர் கோவிலும் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய முதலாம் ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் மற்ற வெற்றிகளுக்கெல்லாம் முன்னதாகப் பொறித்துக்கொண்ட காந்தளூர்ச் சாலை இந்த இடத்தில் இருந்ததென்பது சரித்திரக்காரர் பலரின் கொள்கை. அங்கே அவன் செய்தது கப்பற்படையை அழித்ததா, வேறேதாவதா என்று பண்டிதர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோவில் அர்ச்சகரோ அந்த வாதத்தில் சிரத்தை காட்டாமல், நடை சாத்தும் நேரமாயிற்று என்பதை மட்டும் மரியாதையாக நினைவூட்டினார். கிள்ளியாறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது பழைய மரியாதையை உத்தேசித்துத்தான்.

இந்தத் தெருவை அதன் முழுப் பொலிவோடு காண வேண்டுமாயின் நவராத்திரிக்கு முன்னதாக வந்து சேரவேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து, கம்பர் பூஜித்ததென்று ஐதிகம் கூறும் சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் பல்லக்குகளிலும் ஏறிப் புறப்படுகிறார்கள். அந்த அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். பராமரிப்பதோ கேரள அரசாங்கம். 1956 நவம்பர் முதல் தேதி தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோதிலும், தெய்வங்களின் பிரயாணத் திட்டத்தில் மாற்றம் எதுவும் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. மன்னரின் உடைவாள் முன்செல்ல, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இராத் தங்கி, எல்லையாகிய களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசாரின் மரியாதையையும் ஏற்றுக்கொண்டு, கரமனை கடந்து அவர்கள் இந்த நகரத்துக்குள் வருகிறார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், முன்னூற்று நங்கை செந்திட்டைப் பகவதி கோவிலுக்கும் எழுந்தருள, வேளிமலை முருகன் சாலைக்கடை வியாபாரிகளின் நடுவே ஆரியசாலைத் தேவி கோவிலில் இறங்குகிறான். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. சம்பிரதாயத்தின் பேரால் ஆண்கள் மட்டுமே பாடிவந்த அந்த மண்டபத்தில், 2006இல் பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாக அமர்ந்து பாடினார். விஜயதசமி கழிந்ததும் மூவரும் வந்த வழியே ஊர் திரும்புகிறார்கள். களியக்காவிளையில் போலீசார் இரண்டாம் முறை அணிவகுக்கிறார்கள்.